மழை கொட்டும்போது ‘மழை இல்லை’ என்கிறதா? ஏஜென்டின் கருவி விளக்கங்களில் பிழை தேடும் வழி

காலை ஆறு மணிக்கு டீமேக்கர் ஐயாவிடமிருந்து (தேயிலைத் தொழிற்சாலைப் பொறுப்பாளர்) அழைப்பு. “தம்பி, ஒங்க மெசின் நேத்து ராவுல இருந்து மழையே இல்லங்குது. நான் இங்க ஸ்டோர் வாசல்ல கொடைய புடிச்சிக்கிட்டு நிக்கிறேன்.”

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம்; அதன் தொழிற்சாலையைத்தான் ‘ஸ்டோர்’ என்பார்கள். நான்கு மழைமானிகள், கொழுந்து வாட்டும் மாடியில் வெப்பமானிகள், காற்றாடி மோட்டார்களில் சென்சர்கள். எல்லாத் தரவும் ப்ரொமீதியஸ் என்ற தரவுத்தளத்தில் சேர்ந்து, கிராஃபானா என்ற மென்பொருளில் வரைபடமாகத் தெரியும். வரைபடத்தைத் திறந்து பார்க்க நேரமில்லாதவர்களுக்காக, வட்ஸ்அப்பில் கேள்வி கேட்டால் பதில் சொல்லும் ஏஜென்ட் ஒன்றையும் கட்டிக் கொடுத்திருந்தோம்.

அன்று நாங்கள் செய்த முதல் வேலையே பிழை. ஏஜென்டுக்குள் இருக்கும் மொழி மாடலை மாற்றினோம். விலை கூடிய மாடல் அதே பொய்யை இன்னும் நல்ல தமிழில் சொன்னது.

ஏஜென்ட் தோட்டத்தைப் பார்த்ததில்லை. மானி எந்த மேட்டில் நிற்கிறது, மாடியில் என்ன அலகு, ‘மேல்பிரிவு’ என்றால் எது, எதுவும் அதற்குத் தெரியாது. தரவை எடுத்துவர அது அழைக்கும் சிறு நிரலைத்தான் கருவி என்கிறோம். கருவியின் பெயர், அதன் விளக்கம், அளவுருக்கள் (அழைக்கும்போது கொடுக்கும் மதிப்புகள்), கருவி திருப்பித் தருவது, இவ்வளவுதான் ஏஜென்டின் உலகம். ஸ்டோருக்குப் புதிதாக வந்த இரவு வாட்சருக்கு மேசையில் ஒரு துண்டுச் சீட்டு எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குப் போவோமே, கருவி விளக்கம் அந்தச் சீட்டு. 2024 நவம்பரில் அந்த்ரொபிக் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையில் (ஏஜென்டைக் கருவிகளோடு இணைக்கும் பொது முறை) கட்டினாலும், மாடலின் ஏபிஐயில் (நிரல் வழியாக மாடலை அழைக்கும் வாசல்) நேரடியாகக் கருவிகளைக் கொடுத்தாலும் இதில் மாற்றமில்லை.

கீழே இருப்பவை நாங்கள் சந்தித்த கோளாறுகள். உங்களுக்கு நடப்பது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்டாதீர்கள். கருவிப் பெயர்களை நாங்கள் ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறோம். இங்கே வாசிக்க வசதியாகத் தமிழில் போடுகிறேன்.

எதையும் தொடும் முன்: லொக்கைத் திறவுங்கள்

ஏஜென்ட் செய்ததைப் பதிந்துவைக்கும் லொக்கில் ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விஷயம் வேண்டும். ஆள் தட்டிய கேள்வி, ஏஜென்ட் எடுத்த கருவி, அதற்குக் கொடுத்த அளவுருக்கள், கருவி திருப்பித் தந்த பச்சைத் தரவு. கடைசிப் பதிலை மட்டும் பார்த்து நோய் கண்டுபிடிக்க முடியாது. எடுத்த கருவியே பிழை என்றால் பெயரையும் விளக்கத்தையும் பாருங்கள். கருவி சரி, அளவுரு பிழை என்றால் அளவுரு விளக்கம். இரண்டும் சரி, தரவும் சரி, பதில் மட்டும் பிழை என்றால் தரவின் பொருளை நீங்கள் எங்கும் எழுதிவைக்கவில்லை. தரவே பிழை என்றால் விளக்கத்தை எத்தனை தடவை திருத்தினாலும் பிரயோசனமில்லை, கருவியின் உள்ளே போக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. “ஏன் இந்தக் கருவியை எடுத்தாய்?” என்று ஏஜென்டிடமே கேட்காதீர்கள். அழகான காரணம் ஒன்றைச் சொல்லும். அது நடந்ததற்கான சாட்சி அல்ல. லொக் மட்டும்தான் சாட்சி.

தரவு வராததை ‘மழை இல்லை’ என்கிறது

டீமேக்கர் ஐயாவுக்கு நடந்தது இதுதான். லொக்கில் கருவி சரி, மானி சரி, நேரமும் சரி. திரும்பி வந்த மதிப்பு 0.0.

மானிகளுக்கு சோலர் பெனலும் பெட்டரியும். மூன்று நாள் மூடுபனியும் மழையுமாகக் கிடந்தால் பெனல் சார்ஜ் ஏற்றாது, பெட்டரி இறங்கிவிடும். அதாவது எந்த நாளில் மானி கட்டாயம் வேலை செய்ய வேண்டுமோ அந்த நாளில்தான் அது கண்ணை மூடும். அன்று இரவு பதினொரு மணிபோல மூடிவிட்டது.

சரி, மானி செத்தால் தரவு வரக்கூடாதே, சைபர் எப்படி வந்தது? எங்கள் மானிகள் தரவைத் தாங்களே தள்ளுபவை; நடுவில் அவற்றை வாங்கி வைக்கும் புஷ்கேட்வே என்ற மென்பொருள் இருக்கிறது. கடைசியாகத் தள்ளிய மதிப்பை யாராவது அழிக்கும்வரை அது வைத்துக்கொண்டே இருக்கும். ப்ரொமீதியஸ் வந்து கேட்கும் ஒவ்வொரு தடவையும் அதே பழைய எண்ணைப் புது நேரத்தோடு எடுத்துக்கொண்டு போகும். மழைமானியின் எண்ணோ கூடிக்கொண்டே போகும் எண். அது அசையாமல் நின்றால் கூடுதல் எவ்வளவு? 0.0. செத்த மானி உயிரோடு இருந்து ‘மழை இல்லை’ என்று சொன்ன கதை இது.

நேர் எதிரான பொறியும் உண்டு. பெட்டரியை மிச்சம்பிடிக்கப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மட்டும் தரவு வரும் மானியை வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணத்து மதிப்பைக் கேட்டால் ப்ரொமீதியஸ் வழக்கமாக ஐந்து நிமிடம்தான் பின்னால் தேடும். அதற்கு முந்தியது அதன் கண்ணுக்குத் தெரியாது. நன்றாக ஓடுகிற மானிக்கே பெரும்பாலான நேரம் வெற்றுப் பட்டியல் வரும். ஏஜென்ட் வெற்றுப் பட்டியலைப் பார்த்து ‘பதிவு எதுவும் இல்லை, எனவே மழை இல்லை’ என்று முடிவு கட்டும்.

இரண்டுக்கும் மருந்து பாதி கருவியில், பாதி விளக்கத்தில். புஷ்கேட்வே கடைசியாகத் தள்ளப்பட்ட நேரத்தையும் தனியாக வைத்திருக்கிறது. அதை எடுத்து ஒவ்வொரு பதிலிலும் ‘கடைசித் தரவு வந்த நேரம்’, ‘நிலை’ என்ற இரண்டு புலங்களைச் சேர்த்தோம். தரவு பழசாகிவிட்டால் மதிப்பு சைபராக வராது, வெற்றாக வரும். விளக்கத்தில் சேர்த்த வரிகள்:

> மதிப்பு 0 என்றால் மானி வேலை செய்கிறது, மழை பெய்யவில்லை. மதிப்பு வெற்று என்றால் தரவு வரவில்லை. மழை பெய்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. வெற்றை ஒருபோதும் 0 என்று கூறாதே. கடைசித் தரவு வந்த நேரத்தைப் பயனரிடம் சொல்.

இந்த ஐந்து வாக்கியத்துக்காக ஒரு பகல் முழுக்க வாக்குவாதம் பட்டோம். நீளம் என்றார் என் கூட்டாளி. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் (தொழிலாளர் வீட்டு வரிசைகள்) மண்ணுக்குள் போனதை மறக்காத ஊர் இது. சைபருக்கும் வெற்றுக்கும் உள்ள தூரத்துக்கு ஐந்து வாக்கியம் செலவழிக்கலாம்.

விளக்கத்தால் தீராத மூன்றாவது வகையும் உண்டு. பெட்டரி நன்றாக இருக்கும், தரவு நேரத்துக்கு வரும், மதிப்பு மட்டும் 0.0. போய்ப் பார்த்தால் மானியின் புனலில் சவுக்கு இலை அடைத்திருக்கும். இதை ஏஜென்ட் கண்டுபிடிக்க ஒரே வழி பக்கத்து மானிகள். மற்ற மூன்றிலும் மழை இருந்து ஒன்றில் மட்டும் சைபர் என்றால், கருவியே ‘சந்தேகம்’ என்று நிலையைப் போட்டு அனுப்பும்படி செய்தோம். இந்த ஒப்பீட்டை ஏஜென்டே செய்யட்டும் என்று விளக்கத்தில் எழுதிப் பார்த்ததும் உண்டு. சில நாள் செய்தது, சில நாள் மறந்தது. கணக்காகச் செய்யக்கூடியதைக் கருவிக்குள் வையுங்கள். விளக்கத்தில் வேண்டுகோளாக வைக்காதீர்கள்.

‘இன்று’ என்று கேட்டால் வேறொரு நாள் வருகிறது

எங்களை அதிகம் அலைக்கழித்தது இதுதான். ஏனென்றால் இங்கே ‘நாள்’ என்பது ஒன்றல்ல.

ப்ரொமீதியஸுக்கு எல்லாம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னே. யூடிசி நாள் நமக்கு அதிகாலை 5.30க்குத் தொடங்கி மறுநாள் 5.30க்கு முடியும். ஆட்கள் பேச்சில் சொல்லும் நாள் நள்ளிரவில் தொடங்கும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் 24 மணி நேர மழை காலை 8.30லிருந்து மறுநாள் காலை 8.30 வரை; யூடிசியில் அது காலை 3 மணி என்பதால் வந்த கணக்கு. தோட்டத்து மழைப் புத்தகமும் காலையில்தான் எழுதப்படும். அதை அன்றைய திகதியில் எழுதுவதா, முந்தைய நாள் திகதியில் எழுதுவதா என்பதில் நான் பார்த்த இரண்டு தோட்டங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை.

செவ்வாய் அதிகாலை நான்கு மணிக்குக் கொட்டிய மழை யூடிசிக்குத் திங்கள் மழை, நமக்குச் செவ்வாய் மழை, புத்தகத்தில் எதுவாகவும் இருக்கலாம். ‘நேற்று எவ்வளவு மழை?’ என்று கேட்டால் ஏஜென்ட் மூன்றில் ஒன்றை எடுக்கும், எதை எடுத்தது என்று சொல்லாது. ஆபீஸில் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் “மெசின் பொய் சொல்லுது” என்பார். மெசின் பொய் சொல்லவில்லை. வேறொரு நாளின் உண்மையைச் சொன்னது.

எங்கள் பழைய விளக்கம்: ‘கொடுத்த தேதிக்கான மழையைத் தரும்.’ எந்த நாள் என்பதை அந்த ஒற்றை ‘தேதி’ மூடிமறைத்துவிட்டது. இப்போது இருப்பது:

> மழை_மொத்தம்: ஒரு மழைமானியில் ஏற்கெனவே பெய்த மழையின் கூட்டுத்தொகையை மில்லிமீற்றரில் தரும். இனிப் பெய்யப்போகும் மழைக்கு இது அல்ல. ‘நாள்_வகை’ கட்டாயம்: ‘நள்ளிரவு’ (பயனர் இன்று, நேற்று என்று பொதுவாகக் கேட்டால்), ‘எட்டரை’ (மழைப் புத்தகம், திணைக்களக் கணக்கு என்று கேட்டால்), ‘கடந்த_24’ (மண்சரிவு, ஆபத்து பற்றிக் கேட்டால்). பதிலில் வரும் தொடக்க, முடிவு நேரங்களைப் பயனரிடம் அப்படியே சொல்.

‘நாள்_வகை’யை எழுத்தில் விவரிப்பதோடு விடாமல் மூன்றே மதிப்புகள் கொண்ட பட்டியலாக ஸ்கீமாவில் (அளவுருக்களின் வடிவத்தை வரையறுக்கும் பகுதி) பூட்டிவிட்டோம். சுதந்திரமாக எழுதவிட்டால் ‘இன்று’, ‘டுடே’, ‘செவ்வாய்’ என்று எதையாவது போடும்.

மூன்றாவது வகை ஏன் வேண்டும்? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைகளில் 24 மணி நேரத்துக்குள் 75, 100, 150 மில்லிமீற்றர் என்ற எல்லைகள் வரும். காலை 8.30க்கு முந்திய சில மணி நேரத்தில் 40, அதற்குப் பிந்தி 40 பெய்தால் புத்தகக் கணக்கில் அது இரண்டு நாள்களாகப் பிரிந்து, இரண்டுமே எல்லைக்குக் கீழே அமைதியாக உட்கார்ந்திருக்கும். கடந்த 24 மணி நேரம் என்று எடுத்தால் 80. மலைக்கு 8.30 என்று ஒரு மணி தெரியாது.

இன்னொன்று: ஏஜென்டுக்கு இன்றைய தேதி தானாகத் தெரியாது. யாராவது சொல்ல வேண்டும். ‘தொடக்கம்’, ‘முடிவு’ என்று நேரங்களைக் கேட்கும் கருவியாக இருந்தால், போன வருடத்துத் தேதியைக்கூடத் தயக்கமில்லாமல் போட்டு அனுப்பும். லொக்கில் பழைய வருடம் கண்ணில் பட்டால் காரணம் இதுதான். ‘இன்று’, ‘நேற்று’ போன்றவற்றைக் கருவிக்குள்ளேயே கணக்கிடுங்கள். நேரத்தை வாங்கியே ஆகவேண்டும் என்றால் +05:30 என்ற பின்னொட்டு இல்லாத நேரத்தை ஏற்காமல் திருப்பி அனுப்புங்கள்.

எண் சரி, அலகு பிழை

‘வாட்டும் மாடியில் வெப்பம் 80 பாகை. உடனே காற்றாடிகளை நிறுத்தவும்’ என்று ஒரு நாள் எங்கள் ஏஜென்ட் பயமுறுத்தியது. அது ஃபாரன்ஹீட். 80 என்றால் செல்சியஸில் 27க்குச் சற்றுக் குறைவு, இதமான மத்தியானம். தேயிலை ஸ்டோர்களில் இன்றும் பேச்சு ஃபாரன்ஹீட்டில்தான். சென்சர் ஃபாரன்ஹீட்டில் எழுதியது, விளக்கம் ‘வெப்பநிலையைத் தரும்’ என்று மட்டும் சொன்னது. மாடல் உலக வழக்கப்படி செல்சியஸ் என்று எடுத்துக்கொண்டது.

‘ஃபாரன்ஹீட்டில்’ என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது என்று நினைத்தோம். தீரவில்லை. மாடியில் முக்கியம் வெப்பநிலையைவிட உலர் குமிழுக்கும் ஈரக் குமிழுக்கும் (காற்றின் ஈரத்தை அறிய வைக்கும் இரண்டு வெப்பமானிகள்) இடையிலான வித்தியாசம். அது 8 பாகை என்று வைத்துக்கொள்வோம். ‘செல்சியஸில் சொல்’ என்று ஒருவர் கேட்டார். ஏஜென்ட் 32ஐக் கழித்து 5/9ஆல் பெருக்கி, மைனஸ் 13.3 என்றது. வித்தியாசத்துக்கு 32ஐக் கழிக்கக்கூடாது. சரியான விடை 4.4. எட்டாம் வகுப்புப் பிள்ளையும் இந்த இடத்தில் சறுக்கும், ஆகவே மாடலை ரொம்பத் திட்டவில்லை. இப்போது கருவி இரண்டு அலகிலும் எண்ணைத் தருகிறது, புலத்தின் பெயரிலேயே அலகு இருக்கிறது: ‘குமிழ்_வித்தியாசம்_ஃபா’, ‘குமிழ்_வித்தியாசம்_செ’. விளக்கத்தில் ஒரு வரி: ‘நீயாக மாற்றாதே.’

அலகைப் புலத்தின் பெயரில் வைப்பது அழகாக இருக்காது. ஆனால் விளக்கம் ஒரு தடவை வாசிக்கப்பட்டு உரையாடலின் மேல்பக்கத்தில் எங்கோ தங்கிவிடும், புலத்தின் பெயர் எண்ணுக்குப் பக்கத்திலேயே வரும். அலகுப் பிழையில் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பலன் தந்தது இதுதான்.

மழையிலும் இதே கதை. வயதானவர்கள் “மூணு இஞ்சி பேஞ்சிச்சி” என்பார்கள். அது 76 மில்லிமீற்றர். கேள்வியில் இஞ்சி வந்தால் பதிலிலும் இஞ்சி வேண்டும், அதையும் கருவியே தரட்டும்.

கூடிக்கொண்டே போகும் எண்களும் இந்தக் குடும்பம்தான். எங்கள் மானிக்குள் ஊஞ்சல்போல ஒரு சின்னக் கிண்ணம். 0.2 மில்லிமீற்றர் சேர்ந்ததும் சாய்ந்து கொட்டும், ஒரு எண்ணிக்கை கூடும். பொருத்திய நாளிலிருந்து கூடிவந்த மொத்தத்தைக் கருவி அப்படியே கொடுத்த காலத்தில், ‘இன்று 3,482 மில்லிமீற்றர் மழை’ என்று ஏஜென்ட் நிதானமாக அறிவித்தது. அப்படிப் பெய்திருந்தால் கேட்க ஆள் இருந்திருக்காது. கூடும் எண்ணை ஏஜென்டிடம் பச்சையாகக் கொடுக்கவே வேண்டாம். ப்ரொமீதியஸின் கூடுதல் கணக்கைக் கருவிக்குள் போடுங்கள். மானி மறுபடி தொடங்கிச் சைபராகும் சிக்கலையும் அது பார்த்துக்கொள்ளும். அந்தக் கணக்கு ஓரங்களை ஊகித்து நிரப்புவதால் 12.37 போன்ற எண் வரும். 0.2 ஆகத் தாவும் மானியில் 12.37 எப்படி வந்தது என்று ஒரு கூர்மையான ஆள் கேட்டே தீருவார். ஒரு தசமத்துக்குச் சுருக்கி, ‘தோராயம்’ என்று விளக்கத்தில் போடுங்கள்.

வேறொரு இடத்து மழையைச் சொல்கிறது

‘மேல்பிரிவுல எவ்வளவு?’ என்பது கேள்வி. எந்தத் தோட்டத்தில் மேல்பிரிவு இல்லை? அப்புறம் பெயர்கள். தோட்டத்துக்கு ஆவணத்தில் ஆங்கிலப் பெயர் ஒன்று, நம் ஆட்கள் கூப்பிடும் பெயர் வேறொன்று. ஊர்ப் பெயரும் ஒரே மாதிரி எழுதப்படுவதில்லை: அட்டன், ஹட்டன், அப்புத்தளை, ஹப்புத்தளை. ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டுகிறவர்கள் கணக்கு தனி.

ஆரம்பத்தில் அளவுரு விளக்கம் ‘நிலையத்தின் பெயர்’ என்று மட்டும் இருந்தது. ஏஜென்ட் கேள்வியில் வந்த பெயரை ஆங்கிலமாக்கிப் போட்டுப் பார்த்தது; கருவி, கிட்டத்தட்டப் பொருந்திய முதல் நிலையத்தை எடுத்துக் கொடுத்தது. பிழை என்று யாருக்கும் தெரியவில்லை. எண் வந்துவிட்டதே!

இப்போது மழைக் கருவி நிலைய எண்ணை மட்டும் ஏற்கும். அந்த எண்ணைப் பெற ‘நிலையம்_தேடு’ என்ற தனிக் கருவி. எல்லா அழைப்புப் பெயர்களும் அதற்குள் இருக்கின்றன. மழைக் கருவியின் அளவுரு விளக்கம் இப்படி: ‘நிலையம்_தேடு தந்த எண். நீயாக ஊகிக்காதே.’ ஒரு பெயருக்கு இரண்டு நிலையம் பொருந்தினால் தேடும் கருவி இரண்டையும் தந்து ‘பயனரிடம் கேள்’ என்று சொல்லும். ஒரு அழைப்பு கூடுதலாகச் செலவாகிறது. ஆகட்டும்.

தவறான கருவியை எடுக்கிறது

கிராஃபானாவில் இருந்த ஒவ்வொரு வரைபடச் சட்டகத்துக்கும் ஒரு கருவி என்று எழுதித் தள்ளியிருந்தோம். பத்தொன்பது. அவற்றில் மூன்று ‘மழை, வானிலைத் தகவல்களைத் தரும்’ என்றே தொடங்கின. ஒன்று நம் மானி, ஒன்று வெளியிலிருந்து எடுக்கும் முன்னறிவிப்பு, ஒன்று எச்சரிக்கை நிலை. ‘ராவுக்கு மழை வருமா?’ என்று கேட்டால் நம் மானியைப் பார்த்துவிட்டு ‘வராது, இப்போது மழை இல்லை’ என்றது. ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு நாளைக்குச் சோதிடம் சொன்ன மாதிரி.

கருவி என்ன செய்யும் என்பதோடு எதற்கு எடுக்கக்கூடாது, அதற்குப் பதில் எதை எடுக்க வேண்டும் என்பதையும் எழுதினால் இந்தக் கோளாறு பெரும்பாலும் போய்விடும். அதுவும் முதல் இரண்டு வாக்கியத்துக்குள். ‘இனி வரும் மழைக்கு முன்னறிவிப்பு_பார் கருவியை எடு’ என்று பக்கத்துக் கருவியின் பெயரைச் சொல்லியே கை காட்டுங்கள். பத்தொன்பதை ஏழாகக் குறைத்தோம். சேர்க்க முடிந்தவற்றைச் சேர்த்து அளவுருவாக மாற்றியதில் பாதிக் குழப்பம் விளக்கம் எழுதாமலே நீங்கியது.

எச்சரிக்கைக் கருவிக்கு மட்டும் ஒரு வரி பிடிவாதமாக வைத்திருக்கிறோம்: ‘இது தோட்டத்து மானியின் கணக்கு. அரச எச்சரிக்கை அல்ல. வெளியேறுங்கள் என்றோ ஆபத்தில்லை என்றோ சொல்லாதே. எண்ணையும் நேரத்தையும் சொல்லி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவித்தலைப் பார்க்கச் சொல்.’

எந்தக் கேள்விக்கும் ப்ரொம்கியூஎல் (ப்ரொமீதியஸிடம் கேட்கும் வினவல் மொழி) எழுதி அனுப்பக்கூடிய பொதுக் கருவி ஒன்றைக் கொடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். எங்களுக்கும் வந்தது. ஏஜென்ட் இலக்கணப் பிழையில்லாத வினவலை எழுதும், ஆனால் இல்லாத மெட்ரிக் (அளவீடு) பெயரை வைத்து. ப்ரொமீதியஸ் அதற்குப் பிழை சொல்லாது, வெற்றுப் பட்டியல் தரும். மறுபடி ‘மழை இல்லை’.

மாதக் கணக்குக் கேட்டால் திணறுகிறது

ஒரு வாரம் கேட்டால் வேலை செய்கிறது, எட்டு நாள் கேட்டால் பிழை வருகிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்: ப்ரொமீதியஸ் ஒரு வினவலில் ஒரு தொடருக்கு (ஒரு மானியின் அளவீட்டு வரிசை) 11,000 புள்ளிக்கு மேல் தராது. நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஏழு நாளுக்கு 10,080, எட்டு நாளுக்கு 11,520.

அந்த எல்லைக்குள் வந்தாலும், பத்தாயிரம் எண்ணை ஏஜென்டின் வாயில் கொட்டுவது நல்லதல்ல. கூட்டச் சொன்னால் பிழையாகக் கூட்டும், நடுவில் இருப்பதை மறக்கும், காசும் போகும். நாள்வாரிக் கூட்டுத்தொகை, அதிகபட்சம், அது வந்த நேரம், தரவு இல்லாத மணித்தியாலங்கள் ஆகியவற்றைக் கருவியே கணக்கிட்டுக் கொடுக்கட்டும். விளக்கத்தில் எல்லையை வெளிப்படையாகச் சொல்லுங்கள்: ‘ஒரு அழைப்பில் அதிகபட்சம் 31 நாள். அதற்கு மேல் என்றால் மாதம் மாதமாகக் கேள்.’

ஒரே கருவியைத் திரும்பத் திரும்ப அழைக்கிறது

பிழைச் செய்தியைப் பாருங்கள். ‘பிழை 400’ என்று மட்டும் இருந்தால் ஏஜென்ட் அதே அளவுருவைச் சற்று மாற்றி ஐந்து தடவை தட்டும். பிழைச் செய்தியும் கருவி விளக்கத்தின் மிச்சப் பாதிதான். ‘நிலைய எண் 17 இல்லை, நிலையம்_தேடு கருவியால் சரியான எண்ணைப் பெறு’ என்று எழுதினால் அடுத்த அழைப்பிலேயே திருந்தும். மானி செத்திருந்தால் ‘மறுபடி முயல வேண்டாம்’ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கருவியே எடுக்காமல் பதில் சொல்கிறது

‘மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்றால் இப்பகுதியில் கனமழை வழக்கம்’ என்று பாடப்புத்தகம் வாசித்தால், கருவியின் விளக்கத்தில் பயனர் பேசும் சொற்கள் இல்லை என்று அர்த்தம். விளக்கம் ‘வீழ்படிவு மெட்ரிக்’ என்று பேசியது, ஆட்கள் ‘மழை’, ‘தண்ணி’, ‘ஈரம்’ என்று கேட்டார்கள். அவர்கள் கேட்கும் விதத்தில் இரண்டு மூன்று கேள்விகளை விளக்கத்தின் அடியில் எடுத்துக்காட்டாகப் போட்டதும் சரியானது. பத்துப் போடாதீர்கள். போட்டால் அவற்றுக்கு வெளியே உள்ளதை அது யோசிக்காது.

ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடுகிறது

கெடும். ‘மண்சரிவு’ என்ற சொல்லை மழைக் கருவியில் சேர்த்த அன்று, எச்சரிக்கைக் கருவிக்குப் போக வேண்டிய கேள்விகளும் மழைக் கருவிக்கே போய் விழுந்தன.

ஆகவே வட்ஸ்அப்பில் உண்மையாக வந்த கேள்விகளை, எழுத்துப் பிழையோடு, அப்படியே ஒரு தாளில் சேர்த்து வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றின் எதிரிலும் எதிர்பார்க்கும் கருவியும் அளவுருவும். விடை இல்லை, மழை தினமும் மாறும். விளக்கத்தில் ஒரு காற்புள்ளியைத் தொட்டாலும் தாள் முழுக்க ஓட வேண்டும். ஒவ்வொரு கேள்வியையும் ஐந்து தடவை கேட்கிறோம், ஏனென்றால் மாடல் ஒரு தடவை சரியாகச் செய்ததை அடுத்த தடவையும் செய்யும் என்பதில்லை. ஒரு மானியின் பெட்டரியை வேண்டுமென்றே கழற்றிவிட்டு, சில மணி நேரம் பொறுத்துக் கேட்கும் சோதனையும் தாளில் உண்டு. அந்தச் சோதனைக்கு மட்டும் யாராவது மேட்டுக்கு ஏற வேண்டும். ஏறுகிறவர் கையோடு புனலையும் துடைத்துவிட்டு வருவார்.